ரேஷன் அரிசியும் பட்ஜெட் பற்றாக்குறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறவன் நான். பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் வந்தால் மாணவர்களைவிட உறவுக்காரர்கள்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள். சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்: ரேஷனில் அரிசியைச் சும்மா கொடுப்பதால்தான் அரசுக்குத் துண்டு விழுகிறதா? ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் இதை வாயால் விளக்கி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனி இணைப்பை அனுப்பினால் போதும். எண்களைப் படிக்க எளிதாகச் சற்றே முழுமையாக்கியிருக்கிறேன்.

நிதிப் பற்றாக்குறை என்றால் என்ன?

அரசின் மொத்தச் செலவிலிருந்து கடனல்லாத வரவையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது. வரி, பொதுத்துறை நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகை, பங்கு விற்ற பணம் எல்லாம் வரவு. மிச்சத்துக்குக் கடன்தான் வாங்க வேண்டும். ஆகவே, நிதிப் பற்றாக்குறை என்று நாளிதழில் படித்தால் ‘இந்த ஆண்டு வாங்கப்போகும் புதுக் கடன்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் அது 15.69 லட்சம் கோடி ரூபாய். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 4.4 விழுக்காடு. 3 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2003இல் சட்டமே போட்டார்கள். அந்த இலக்கு வருவதும் தள்ளிப்போவதுமாக இருக்கிறது.

இன்னொன்று. மத்திய பட்ஜெட் ரொக்கக் கணக்கு. பணம் கைமாறினால்தான் செலவு. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பாக்கி வைத்தால் அது கணக்கில் ஏறவே ஏறாது. இந்த ஒரு விஷயம் கீழே தேவைப்படும்.

உணவு மானியம் மொத்தம் எவ்வளவு?

2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் 2.03 லட்சம் கோடி. மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. அதாவது அரசு செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 4 ரூபாய். அதே பட்ஜெட்டில் பழைய கடனுக்கு வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி, 100க்கு 25 ரூபாய். அரிசியைக் காட்டி ‘கடனாளி ஆக்கிவிட்டார்கள்’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

4 ரூபாய் சின்னத் தொகை என்று சொல்லவரவில்லை. உர மானியத்தைவிடப் பெரியது. ஆனால் மானியத்தை நாளைக்கே முழுசாக நிறுத்தினாலும் 15.69 லட்சம் கோடியில் 2 லட்சம் கோடிதான் குறையும். பாக்கி 13 லட்சத்துச் சொச்சம் அப்படியே நிற்கும்.

ஒரு கிலோ ரேஷன் அரிசிக்கு அரசுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது?

இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. 2024-25 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். 100 கிலோ நெல்லை அரைத்தால் அரசு விதிப்படி 67 கிலோ பச்சரிசி தர வேண்டும்; புழுங்கல் என்றால் 68. 2,300ஐ 67ஆல் வகுத்தால் 34 ரூபாய் 33 காசு. கொள்முதல் நிலையத்தை விட்டு மூட்டை வெளியே வருவதற்கு முன்பே கிலோவுக்கு 34 ரூபாய் போய்விட்டது.

அப்புறம் சுமை தூக்குவோர் கூலி, சாக்கு, கொள்முதல் செய்த சங்கத்துக்குக் கமிஷன், வட மாநிலங்களில் மண்டி வரி, லாரி வாடகை, ரயில் கட்டணம், கிடங்கு வாடகை, எலியும் ஈரமும் தின்றது, இத்தனைக்கும் வாங்கிய கடனுக்கு வட்டி. தவிடும் உமியும் ஆலைக்காரருக்கே போவதால் அரவைக் கூலி மட்டும் மிகக் குறைவு. எல்லாம் சேர்த்து, மத்திய அரசுக்காகத் தானியம் வாங்கிச் சேமித்து ரேஷனுக்கு அனுப்பும் இந்திய உணவுக் கழகம் ‘பொருளாதாரச் செலவு’ என்று ஒரு விலை போடும். அரிசிக்கு அது ஏறத்தாழ 40 ரூபாய், கோதுமைக்கு 28 ரூபாயை ஒட்டி. பயனாளியிடம் வாங்குவது இன்று பூஜ்யம். 40 கழித்தல் 0 தான் மானியம்.

அப்படியானால் அந்த 40 ரூபாயும் ஏழைக்குப் போகிற உதவிதானா?

இல்லை, இங்கேதான் பெயர் குழப்புகிறது. ‘உணவு மானியம்’ என்ற ஒரே வரியில் மூன்று செலவுகள் படுத்திருக்கின்றன. சாப்பிடுகிறவருக்கான உதவி ஒன்று. நெல் விளைவித்தவருக்கு உறுதியான விலை இரண்டாவது. பெரிய கையிருப்பைச் சுமப்பதற்கான கிடங்கும் வட்டியும் மூன்றாவது.

குறுவை அறுவடை நேரத்தில் டெல்டா பக்கம் பேருந்தில் போனால் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் குவியல் குவியலாக நெல் தார்ப்பாயின் கீழ் கிடக்கும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். மழை வந்துவிட்டால் தளர்வு கேட்டு மாநில அரசு தில்லிக்குக் கடிதம் எழுதும், அங்கிருந்து குழு வரும், அதற்குள் அடி நெல் முளைத்துவிடும். அங்கே நிற்கும் விவசாயி ‘நான் உணவு மானியம் வாங்கப் போகிறேன்’ என்று நினைத்திருக்க மாட்டார். பட்ஜெட் புத்தகத்தில் அவருக்குக் கொடுக்கிற விலை அந்தத் தலைப்பின் கீழ்தான் இருக்கிறது.

1965 ஜனவரியில் உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்ததே தஞ்சாவூரில்தான். வாங்குவதும் கொடுப்பதும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றோடொன்று பின்னியவை.

2020-21இல் ஒரே ஆண்டில் மானியம் 5.41 லட்சம் கோடியாக எகிறியதே, அது கொரோனாவா?

பாதி உண்மை. கொரோனா காலத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதலாகக் கொடுத்தார்கள், அது செலவுதான். மீதியைப் புரிந்துகொள்ள நாலு வருடம் பின்னால் போக வேண்டும்.

உணவுக் கழகம் கூடுதல் விலையில் வாங்கிய அரிசியை அப்போது 3 ரூபாய்க்குக் கொடுத்தது. இடைவெளியை அரசு ஈடுகட்ட வேண்டும். அரசு முழுதாகக் கொடுத்தால் பற்றாக்குறை ஏறும். கொடுக்காவிட்டால் கழகம் நெல் வாங்க முடியாது. 2016-17 முதல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மானியத்தில் ஒரு பகுதியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, பதிலாகத் தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்துக்குக் கடன் கொடுத்தார்கள். அஞ்சலகத்தில் நம் வீட்டுப் பாட்டி போடும் மூத்த குடிமக்கள் சேமிப்பு, பேத்தி பெயரில் போடும் செல்வமகள், கிசான் விகாஸ் பத்திரம் எல்லாம் போய்ச் சேரும் பெட்டி அது.

கடன் வாங்கியது கழகம், அரசு அல்ல. ஆகவே அது மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறையில் வராது. அந்தக் கடனை அடைக்கக் கழகத்துக்கு வேறு வருமானம் உண்டா என்றால், அரசு தரும் மானியத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. மளிகைக் கடை பாக்கியை மகன் பெயரில் எழுதச் சொல்லிவிட்டு ‘எனக்குக் கடனே இல்லை’ என்று அப்பா சொல்வது மாதிரி. மகனுக்கோ இன்னும் வேலை கிடைக்கவில்லை.

2019-20ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். பட்ஜெட்டில் உணவு மானியம் 1.84 லட்சம் கோடி என்று அறிவித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் திருத்திய மதிப்பீடு 1.09 லட்சம் கோடி. அரிசி சாப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்களா? அதே ஆண்டில் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகம் எடுத்த கடன் 1.10 லட்சம் கோடி. அப்போது அறிவித்த பற்றாக்குறை 3.8 விழுக்காடு. மறைந்த அந்த 75,000 கோடியை மட்டும் சேர்த்திருந்தாலே 4.2 ஆகியிருக்கும்.

2020 மார்ச் இறுதியில் இப்படிச் சேர்ந்த கடன் ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி. தலைமைக் கணக்குத் தணிக்கையர் இந்தப் பழக்கத்தை அதற்கு முன்பே சுட்டிக்காட்டியிருந்தார். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் இந்தக் கடன் முறையை நிறுத்துவதாக அறிவித்து, பழைய பாக்கியைப் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்தார். 5.41 லட்சம் கோடியில் பெரும் பங்கு இந்தப் பழைய கணக்கு.

ஏன் அந்த ஆண்டு? என் கணிப்பைச் சொல்கிறேன். கொரோனாவால் பற்றாக்குறை ஏற்கெனவே 9 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு? அதற்காக அந்த முடிவின் மதிப்பைக் குறைக்க மாட்டேன். அண்மைக் கால பட்ஜெட்டுகளில் செய்த நேர்மையான காரியங்களில் அது ஒன்று.

அப்போது அஞ்சலகத்தில் போட்ட பணத்துக்கு ஆபத்து இருந்ததா?

இல்லை. சிறுசேமிப்புக்கு மத்திய அரசு பொறுப்பு. நட்டம் வேறு இடத்தில். சிறுசேமிப்புக்கு அரசு தருவது பெரும்பாலும் சந்தையைவிடக் கூடுதல் வட்டி. நேரே கடன் பத்திரம் விற்றுக் குறைந்த வட்டிக்கு வாங்கியிருக்கக்கூடிய பணத்தை இந்தச் சுற்றுவழியில் வாங்கியதால், அந்தக் கூடுதல் வட்டியும் மானியக் கணக்கிலேயே ஏறியது. அதையும் காட்டி ‘உணவு மானியம் ஊதிவிட்டது’ என்று கட்டுரை எழுதினார்கள் என்பது தனி வேடிக்கை.

இலவசமாக்கியதால்தானே செலவு கூடியது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய். ஆளுக்கு மாதம் 5 கிலோ. ‘அந்தியோதயா’ எனப்படும் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ. சுமார் 80 கோடிப் பேர். ஆண்டுக்கு 5 கோடி டன்னை ஒட்டிப் போகிறது. கிலோவுக்கு 2, 3 ரூபாய் வசூலித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது 10,000 முதல் 15,000 கோடி. 2 லட்சம் கோடி மானியத்தில் அது ஒரு சிறு துண்டு.

செலவு கூடியது வேறொன்றால். 2020 ஏப்ரலில் தொடங்கிய கூடுதல் 5 கிலோ, நடுவில் சில மாதங்கள் நின்றதைக் கழித்தால் 28 மாதங்கள் ஓடியது. மொத்தம் ஏறத்தாழ 3.9 லட்சம் கோடி. 2022 டிசம்பரோடு அதை நிறுத்தினார்கள். 2023 ஜனவரி முதல் ‘இனி அரிசி இலவசம்’ என்று அறிவிப்பு வந்தது. கவனித்தால், 10 கிலோ வாங்கிக்கொண்டிருந்தவருக்கு அன்றிலிருந்து 5 கிலோ. கிலோவுக்கு 3 ரூபாய் மிச்சம், 5 கிலோ நட்டம். அளவைப் பாதியாக வெட்டிவிட்டு அதைக் கொடையாக அறிவித்த சாமர்த்தியத்தை அரசியல் வகுப்பில் தனியாகப் பாடம் நடத்தலாம். பட்ஜெட்டிலும் அது தெரிகிறது: 2022-23இல் 2.73 லட்சம் கோடி, அடுத்த ஆண்டு 2.12 லட்சம் கோடி. இலவசம் இப்போது 2024 ஜனவரியிலிருந்து ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது; மதிப்பிட்ட செலவு 11.80 லட்சம் கோடி.

கிடங்கில் அரிசி மலை மாதிரிக் கிடக்கிறதாமே?

கிடக்கிறது. ஜூலை முதல் தேதி நிலவரப்படி அரிசி இருப்பு 135 லட்சம் டன் இருந்தால் போதும் என்பது விதி. 2025 ஜூனில் அரைக்காத நெல்லையும் சேர்த்து அதைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. கொண்டுவந்த நெல்லை வேண்டாம் என்று சொல்ல அரசியலில் யாருக்கும் தெம்பு இல்லை. கொடுக்கிற அளவோ சட்டத்தில் முடிச்சுப் போட்டாயிற்று. உள்ளே வருவதற்கு வரம்பில்லை, வெளியே போவதற்கு வரம்பு உண்டு என்றால் தேங்கத்தானே செய்யும்?

தேங்கியதில் 52 லட்சம் டன்னை 2024-25இல், பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தயாரிக்கிற ஆலைகளுக்கு ஒதுக்கினார்கள். விலை கிலோ 22 ரூபாய் 50 காசு. 40 ரூபாய்க்கு வாங்கி வைத்த அரிசி. இந்த இடைவெளியையும் சேர்த்துத்தான் ‘ஏழைக்குச் சோறு போட்டு ஏமாந்தோம்’ என்கிறார்கள்.

அரிசிக்குப் பதில் பணமாகப் போட்டுவிட்டால் மிச்சமாகாதா?

பக்கத்திலேயே பரிசோதனை நடந்தது. புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று மாற்றினார்கள். அதே சமயம் சண்டிகரிலும். கிடங்கு இல்லை, லாரி இல்லை, எடைக்கல் தில்லுமுல்லு இல்லை. காகிதத்தில் அழகான திட்டம்.

நடந்தது என்ன? கடையில் அரிசி விலை ஏறினால் கணக்கில் விழும் தொகை உடனே ஏறாது. வந்த பணம் அரிசியாக மாறுவதற்குள் வீட்டில் வேறு தேவை வந்துவிடும். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன, ஊழியர்களுக்குச் சம்பளப் பாக்கி. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா சொன்னது: “பணம் வந்துச்சுன்னு போன்ல சத்தம் கேக்கும் தம்பி. அரிசி வந்தா பானைல தெரியும்.” ஓட்டுக் கேட்டுப் போனவர்களிடம் பெண்கள் கேட்டது கடையைத் திற என்பதுதான். 2024 தீபாவளியை ஒட்டி மறுபடி திறந்தார்கள்.

பணமாகக் கொடுப்பது எங்கும் தோற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மானியத்தின் மூன்று பங்கில் ஒன்றைத்தான் அது தொடுகிறது. நெல் வாங்குவது நிற்காதவரை கிடங்குச் செலவும் நிற்காது.

எல்லோருக்கும் கொடுக்கும் தமிழ்நாட்டுக்கு எப்படிக் கட்டுபடியாகிறது?

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய ஒதுக்கீடு இங்கே சுமார் 3.64 கோடிப் பேருக்குத்தான். மாநிலம் 2016 நவம்பரில்தான் சட்டத்துக்குள் வந்தது, அதுவும் ‘எல்லோருக்கும்’ என்பதை விட்டுக்கொடுக்காமல். மற்றவர்களுக்கான அரிசியில் ஒரு பகுதி மத்தியத் தொகுப்பிலிருந்து கிலோ 8 ரூபாய் 30 காசுக்கு வரும். அந்த விலையும், 2011 ஜூன் முதல் இலவசம் என்பதால் ஏற்படும் இடைவெளியும், 30 ரூபாய்த் துவரம் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் மாநிலத்தின் தலையில். நெல்லுக்கு மாநிலம் தரும் ஊக்கத்தொகையும் மாநிலச் செலவே.

இந்த இழுபறி இங்கே பழையது. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்பது முழக்கம். ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கொடுத்துப் பார்த்தார்கள், கஜானா தாங்கவில்லை, நின்றது. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011இல் இலவசம் என்று இறங்க முடிந்ததற்குக் காரணம் இடையில் மாநிலத்தின் வரி வருவாய் வளர்ந்தது. மானியம் கட்டுபடியாகுமா என்பதற்கு விடை அரிசி விலையில் பாதி, வரி வசூலில் பாதி.

‘எல்லோருக்கும்’ என்பதில் விரயம் இல்லையா என்றால், உண்டு. காரில் வந்து வாங்குகிறவரைப் பார்த்திருக்கிறேன். வாங்கிய அரிசி மாவு மில்லுக்குப் போவதும் எல்லை தாண்டுவதும் ஊரறிந்தது. ஆனால் பட்டியல் போட்டு ஏழையைப் பொறுக்கும் வேலையில் விடுபட்டுப் போகிறவர்கள் யாரென்று பார்த்தால் ஆதார் கைரேகை பதியாத கிழவியும், ஊர் மாறிப்போன கூலிக்காரரும்தான். காரில் வருபவர் எப்படியும் பட்டியலில் இடம் பிடித்துவிடுவார்.

சட்டென்று குறைத்த நாடுகளில் என்ன ஆனது?

இலங்கையைப் பாருங்கள். கொரியப் போர் முடியும் தறுவாயில் ரப்பர் விலை விழுந்து, வரவுசெலவில் பெரும் ஓட்டை. 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா கூப்பன் அரிசியைக் கொத்து (அந்நாட்டு அளவை) 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பின்னால் விலையையும் இறக்க வேண்டியதாயிற்று. கணக்குப் படி ஜே.ஆர். போட்டது தப்பில்லை. ஒரே நாளில் ஏறத்தாழ மூன்று மடங்காக்கியதுதான் தப்பு.

எகிப்தில் 1977 ஜனவரியில் சதாத் அரசு மானியத்தை வெட்டியது. இரண்டு நாள் கலவரத்துக்குப் பின் திரும்பப் பெற்றது. அதன் பிறகு கெய்ரோ பாடம் கற்றுக்கொண்டது. ரொட்டி விலையைத் தொடாமல் 2020இல் ரொட்டியின் எடையை 110 கிராமிலிருந்து 90 ஆக்கினார்கள். 2024 ஜூனில்தான், முப்பது ஆண்டுகளுக்கு மேல் 5 பியாஸ்டரில் (எகிப்தின் சில்லறைக் காசு) நின்ற விலை 20 ஆனது.

உலக வர்த்தக அமைப்பு இதைத் தடுக்கிறதா?

தொல்லை கொடுக்கிறது, தடுக்கவில்லை. ஆதரவு விலையை 1986-88 கால விலையோடு ஒப்பிட்டு, அந்த இடைவெளியால் வரும் ஆதரவு உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. நாற்பது வருடத்துக்கு முந்தைய விலையோடு! அரிசியில் இந்தியா அதைத் தாண்டிவிட்டது. 2013 பாலி மாநாட்டில் கிடைத்த தற்காலிக விலக்கின் கீழ் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, எங்கே கை வைக்கலாம்?

உணவுக் கழகத்தைச் சீரமைக்க மத்திய அரசு அமைத்த சாந்த குமார் குழு 2015இல் பயனாளிகளை மக்கள்தொகையில் 67 விழுக்காட்டிலிருந்து 40ஆகக் குறைக்கச் சொன்னது. எந்த அரசும் தொடவில்லை, எனக்கும் உடன்பாடில்லை. அதே குழு சொன்ன இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஆதரவு விலையில் அரசிடம் விற்க முடிந்த விவசாயிகள் வெறும் 6 விழுக்காடு. அப்படியானால் கிடங்கை நிரப்பும் கொள்முதலைச் சிறுதானியத்துக்கும் பருப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம். பஞ்சாபில் நிலத்தடி நீரும் பிழைக்கும், ரேஷனில் பருப்பும் கிடைக்கும். மிச்சமாகும் தொகை ஒரு பட்ஜெட்டில் கண்ணுக்குத் தெரியாது. பத்து பட்ஜெட்டில் தெரியும். அதனால்தான் யாருக்கும் அதில் அவசரமில்லை.

அடுத்த பட்ஜெட்டில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு இடம். ஒன்று, உணவுத் துறையின் மானிய வரியில் ‘பட்ஜெட் மதிப்பீடு’, ‘திருத்திய மதிப்பீடு’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒதுக்கியதைவிடத் திருத்தியது ரொம்பக் குறைந்திருந்தால், சாப்பிட்டது குறைந்ததா, கொடுத்தது குறைந்ததா என்று கேளுங்கள். இரண்டு, செலவு விவர ஆவணத்தில் 27ஆவது அறிக்கை. பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கிய கடன்கள் அங்கே இருக்கும். பின்பக்கம் என்பதால் தொலைக்காட்சியில் யாரும் புரட்ட மாட்டார்கள். உணவுக் கழகத்துக்கு நேரே அங்கே மறுபடி எண் முளைத்திருந்தால் எனக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்.